ஐந்து இடம் பார்த்தவர்

கொழும்பு நகரிலே கட்டடப் பொருள் விற்கும் ஒரு வர்த்தகத் தாபனம். அதன் கணக்குப் பகுதியிலே ஒரு திங்கட்கிழமை காலை புதிதாக ஒருவர் வந்து சேருகிறார் எனக் கொள்க. நாற்பது வயதை அணுகியவர். அடக்கமான பேச்சும் தெளிவான கையெழுத்தும் உடையவர். ஒன்பது மணிக்கு அவரைப் பற்றி அங்கே எவருக்கும் ஒன்றும் தெரியாது. பத்தரை மணித் தேநீர் வேளைக்குள் அவர் எந்த ஊரவர், எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்தவர், யாருக்கு உறவினர் என்பன வெளியாகிவிடுகின்றன. மதிய உணவு வேளை முடிவதற்குள் மற்றொரு செய்தியும் மேசைக்கு மேசை பரவிவிடுகிறது: ‘இவர் இதற்கு முன் ஐந்து இடங்களில் வேலை பார்த்தவராம்.’

அச் செய்தி பரவியதும் மூன்று விதமான தீர்ப்புகள் பிறக்கின்றன. ‘ஐந்து இடமா? அப்படியானால் இங்கும் அதிக நாள் இருக்கமாட்டார்’ என்கிறார் ஒருவர். ‘எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு மனிதர் ஏன் இத்தனை இடம் மாறவேண்டும்?’ என்கிறார் இன்னொருவர். ‘ஆள் கெட்டிக்காரர், இடத்துக்கு இடம் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்’ என்பது மூன்றாமவர் கருத்து. முதலாமவர் புதியவரை நிலையற்றவர் என்கிறார்; இரண்டாமவர் ஐயத்துக்குரியவர் என்கிறார்; மூன்றாமவர் தந்நலக்காரர் என்கிறார். மூவரும் அவர் எழுதிய ஒரு பக்கக் கணக்கையேனும் இன்னும் பார்த்ததில்லை.

பல தொழில் மாறியவரைப் பற்றி உடன் தொழில் செய்வோர் கொள்ளும் இவ்வெண்ணம் எங்கிருந்து வருகிறது? அதிலே எவ்வளவு உண்மை உண்டு? அவ்வெண்ணத்தினால் விளைவது யாது? இவை ஆராயத்தக்க கேள்விகள். விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியை மனிதர் தொழிலிடத்திலேயே கழிக்கின்றனர். அங்கே அருகில் இருப்போர் ஒருவரை எவ்வாறு மதிக்கின்றனர் என்பது அவருடைய மன நிம்மதியையும், சில வேளைகளில் அவருடைய சீவனத்தையுமே நிர்ணயிப்பதாகும்.

ஈழநாட்டுத் தமிழரிடையே இவ்வெண்ணத்துக்கு ஆழமான வேர் உண்டு. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஊரார் வாயில் கோறணமேந்து என்று உருமாறியது. கேட்டவுடன் சிரிப்பு மூட்டும் இப் பழமொழிக்குப் பின்னாலே கடுமையான வாழ்க்கை அநுபவம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. கிணற்று நீரை இறைத்தே தோட்டஞ் செய்யவேண்டும். மழை பொய்த்தால் நெல் பொய்க்கும்; விலை விழுந்தால் புகையிலை கைவிடும். அத்தகைய நிலத்தில் வாழ்ந்தோருக்கு, மாதம் முடிந்ததும் தவறாமல் வரும் சம்பளமும், உழைக்க இயலாத வயதிலே வரும் ஓய்வூதியமும் வற்றாத ஆறுகளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆகவே, பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே ஆங்கிலங் கற்ற இளைஞர் கச்சேரிகளையும், தபாற் பகுதியையும், புகையிரதப் பகுதியையும் நாடினர். கடல் கடந்து மலாயாவின் அரசாங்க சேவைக்கும் பலர் சென்றனர். ஒரு சேவையிற் புகுந்து, அதிலேயே முப்பது ஆண்டு இருந்து, மாலை சூட்டப்பெற்று இளைப்பாறுவதே கௌரவமான வாழ்வின் இலக்கணமாயிற்று. பெண்ணைப் பெற்றோர் முதலிற் கேட்ட கேள்வியும் ‘மாப்பிள்ளைக்கு நிரந்தர உத்தியோகமா?’ என்பதே. அந்த இலக்கணம் வகுத்தோர் மறைந்த பின்னும் இலக்கணம் மறையவில்லை. தனியார் கொம்பனியிலே வேலை பார்ப்போரும் இன்று அதே அளவுகோலைக் கொண்டே ஒருவரையொருவர் அளக்கின்றனர்.

ஆனால் அந்த நிரந்தர உத்தியோகத்தையே சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். புகையிரத நிலைய அதிபர் ஒருவர் தம் சேவைக் காலத்திலே பளையில் இரண்டு ஆண்டு, மாகோவில் மூன்று ஆண்டு, பதுளையில் இரண்டு ஆண்டு, மட்டக்களப்பில் நான்கு ஆண்டு என்று எட்டுப் பத்து ஊர்களைக் கண்டிருப்பார். ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் அவருக்குப் புதிய மேலதிகாரி, புதிய தோழர், புதிய வழக்கங்கள். ஆசிரியர்களும் தபாலதிபர்களும் அவ்வாறே. இவர்களை எவரும் நிலையற்றவர் என்று பழித்ததில்லை. ‘நாடு முழுவதும் சேவை செய்த அநுபவசாலி’ என்றே பிரியாவிடைக் கூட்டங்களிற் போற்றினர். இதிலிருந்து தெரிவது யாதெனில், மக்கள் குறை காண்பது இடம் மாறுவதில் அன்று. மேலிடத்து ஆணையால் மாறினால் அநுபவம். தன் முடிவால் மாறினாற் சபலம். இதுவே தொழிலிடங்களிலே வழங்கும் எழுதாச் சட்டம்.

எழுதாச் சட்டத்துக்கு முன்னே எழுதிய சட்டமும் இருந்தது. இலங்கையிலே 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் இருந்த தொழிலாளி உரிய முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்கினால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மலைநாட்டுத் தோட்டங்களிலே கடனும் சேர்ந்து தொழிலாளியைக் கட்டிவைத்தது. இந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவு முதலாகக் கங்காணியிடம் பட்ட கடன் அவர் பெயரில் நின்றது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினாற் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் எனத் தோட்டத்து நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் கடிதமே துண்டு. புதிய தோட்டம் அத் தொகையை ஏற்றாலே தொழிலாளி மாறலாம். ஆள் மாறும்போது கடனும் உடன் சென்றது. இத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதற்கு முன், கூடிய கூலியையோ, இரக்கமுள்ள துரையையோ நாடித் துண்டில்லாமற் சென்றவருக்கு வாய்த்த பெயர் ‘ஓடிப்போனவர்’ என்பது.

பிற நாடுகளிலும் இந் நிலை இருந்தது. பிரான்சு தேசத்திலே 1803ஆம் ஆண்டிலே வந்த ஒரு சட்டம், தொழிலாளி ஒவ்வொருவரும் ஒரு சிறு கைநூலை வைத்திருக்க வேண்டும் என விதித்தது. வேலையை விடும்போது பழைய முதலாளி அந்நூலிலே எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வெழுத்தின்றிப் புதிய இடத்திற் சேருதல் அரிது. அம்முறை முற்றாக நீக்கப்பட்டது 1890ஆம் ஆண்டிலேயாம். ஆனால் அண்டை நாடான ஜேர்மனியின் கைவினைச் சங்கங்களிலே இதற்கு நேர்மாறான வழக்கம் நிலவியது. அங்கே தச்சுத் தொழிலோ கல்வேலையோ பழகி முடித்த இளைஞர், ஊர் ஊராகச் சென்று பல ஆசான்களிடம் சில ஆண்டு வேலை செய்த பின்னரே தாமும் ஆசானாகும் தகுதி பெற்றனர். பல இடம் பார்க்காதவர் அங்கே அரைத் தொழிலாளியாகவே கருதப்பட்டார்.

பிரான்சிலே ஐயத்தை எழுப்பிய அதே செயல் ஜேர்மனியிலே தகுதியாக இருந்தது. மாறுகின்றவரால் தொழிலுக்கு நன்மை என்று கண்ட இடத்திலே மாற்றம் கல்வி எனப்பட்டது. மாறுகின்றவரால் முதலாளிக்கு நட்டம் என்று கண்ட இடத்திலே மாற்றம் குற்றம் எனப்பட்டது. தொழில் மாறுவோரைப் பற்றிய அபிப்பிராயத்தை உண்டாக்கியதிலே அவர்களுடைய குணத்தைவிட, அபிப்பிராயம் கூறியவர்களின் நலனுக்கே பெரும் பங்கு இருந்தது.

இனி, குணத்தைப் பற்றிய கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி வேலையை விடுவது மனிதரின் நிலையற்ற குணத்தால் நிகழ்வதா? இதற்கு ஐக்கிய அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் நல்ல விளக்கம் தருகிறது. 1913ஆம் ஆண்டிலே ஹென்றி போட்டின் மோட்டார்த் தொழிற்சாலையில், நகரும் பட்டியின் முன் நின்று ஒரே வேலையை நாள் முழுவதும் செய்யும் முறை புகுத்தப்பட்டது. தொழிலாளர் வந்த வேகத்திலேயே விலகினர். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அவ்வாண்டில் 52,000 பேர் வரையிற் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆள் மாறும் வீதம் நூற்றுக்கு 370 என்று கணக்கிடப்பட்டது. 1914ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கொம்பனி நாட்சம்பளத்தை 5 டொலராக உயர்த்தியது. அது முன்னைய சம்பளத்தின் இரு மடங்குக்குக் கிட்டியது. வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. 1915ஆம் ஆண்டிலே ஆள் மாறும் வீதம் நூற்றுக்கு 16 ஆயிற்று.

அச் சம்பளத்துக்குப் பல நிபந்தனைகள் இருந்தன என்பதும், அக்காலத்திலே வெளியில் வேலை கிடைப்பது அருகியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும், 1913ஆம் ஆண்டில் நிலையற்றவர்களாக இருந்த ஆயிரக்கணக்கானோர் 1915ஆம் ஆண்டில் திடீரெனப் பொறுமைசாலிகளாகப் பிறவி எடுத்தார்கள் என்று எவரும் வாதிடமாட்டார். மனிதர் அப்படியே இருந்தனர். அவர்களைச் சூழ்ந்திருந்த நிலைமையே மாறியது.

இதன் மறுபக்கத்தை இலங்கை மலைநாடே காட்டுகிறது. அங்கே ஒரு லயத்து அறையிலே பிறந்து, அதே மலையிலே கொழுந்து பறித்து முதுமையடைந்த பெண்கள் பலர் உளர். 1975ஆம் ஆண்டுக்கு முன்னர் அவர்களுடைய முதலாளி ஒரு கொம்பனி. அவ்வாண்டிலே கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அரசாங்கக் கூட்டுத்தாபனம் முதலாளியாயிற்று. 1992ஆம் ஆண்டிலே நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது மீண்டும் ஒரு புதிய முதலாளி. ஓர் அடியும் பெயராமலே மூன்று நிர்வாகங்களைக் கண்ட இவர்கள் தொழில் மாறியவர்களா, மாறாதவர்களா? எத்தனை இடம் என்ற எண்ணிக்கை மட்டும் மனிதரைப் பற்றி எவ்வளவு சிறிதளவே கூறுகிறது என்பதற்கு இது சான்று.

எண்ணிக்கையைக் கண்டவுடன் குணத்துக்குத் தாவும் இப் பழக்கத்தை உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். 1971ஆம் ஆண்டிலே எட்வேட் ஜோன்ஸ், றிச்சட் நிஸ்பெற் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். மனிதர் தம் செயலுக்குக் காரணத்தைச் சூழ்நிலையிலே காண்கின்றனர். பிறர் செயலுக்குக் காரணத்தை அவர்தம் குணத்திலே காண்கின்றனர் என்பதே அது. தான் வேலையை விட்டால், ‘அங்கே இருக்க முடியாத நிலை’ என்று கூறுபவர், அடுத்த மேசைக்காரர் விட்டால், ‘அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது’ என்று கூறுவது இவ்வியல்பின்பாற்பட்டது. பின்னைய ஆய்வுகள் இவ்வியல்பு எல்லா நிலையிலும் ஒரே அளவிலே தோன்றுவதில்லை எனக் காட்டியுள்ளன. எனினும், கந்தோர் வாழ்வை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கலாகாது. 1974ஆம் ஆண்டிலே எட்வின் கிசெல்லி என்னும் உளநூலார், சிலருக்குத் தக்க காரணம் இல்லாமலே காலத்துக்குக் காலம் இடம் மாறும் உந்துதல் உள்ளேயிருந்து எழுகிறது என்றும், அது பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதை ஒத்தது என்றும் கூறி, அதற்கு நாடோடிக் குணம் என்ற பொருள்படப் பெயரிட்டார். 1995ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வும், முன்பு பலமுறை விலகியோர் பின்னும் விலகும் சாத்தியம் கூடியது என்று கண்டது. ஆகவே தேநீர் வேளையிலே ஐயுற்றவரின் பேச்சு முற்றும் ஆதாரமற்றதன்று. ஆனால் பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் ஒரு போக்கு, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் ஏன் மாறினார் என்பதைச் சொல்லாது. அதை அறிய வேண்டுமாயின் அவரையே கேட்கவேண்டும்.

கணக்குப் பகுதிக்கு வந்த புதியவரை எவரேனும் கேட்டிருந்தால் அவர் கூறியிருக்கக்கூடியது இது. முதல் வேலை வவுனியாவிலே ஓர் இரும்புக் கடையில். முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு சென்றார், கடை மூடப்பட்டது. இரண்டாவது, 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் வன்னியிலே இயங்கிய ஒரு நிவாரண நிறுவனத்தில். வேலைத்திட்டத்தின் காலம் முடிந்தது, உத்தியோகமும் முடிந்தது. மூன்றாவது ஒரு நிதிக் கொம்பனியில். அதை அவர் தாமே விட்டார்; வேறிடத்திலே கூடிய சம்பளம் கிடைத்தது, வீட்டிலே இரண்டு பிள்ளைகள். நான்காவது கிழக்குக் கரையிலே ஒரு சுற்றுலா விடுதியில். 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்று வந்தபோது விடுதி வெறிச்சோடியது, ஊழியரை அனுப்பிவிட்டனர். ஐந்தாவது ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சீமெந்து விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது, எரிபொருள் கிடையாது. கட்டட வேலைகள் நின்றன.

ஐந்து மாற்றங்களில் நான்கு அவர் தேடிக்கொண்டவையல்ல. ஒன்றே அவர் தாமாகச் செய்த முடிவு. அதுவும் வீட்டுப் பொறுப்புள்ள எந்த மனிதரும் செய்யக்கூடியதே. இத் தலைமுறையிலே இலங்கையிற் பலருடைய தொழில் வரலாறு இவ்வகையானது. போர், இடப்பெயர்வு, பெருந்தொற்று, நெருக்கடி என்று நாட்டுக்கு வந்த ஒவ்வொரு துன்பமும் அவர்களுடைய விண்ணப்பப் பத்திரத்திலே ஒரு வரியாகப் பதிந்திருக்கிறது. நாட்டின் வரலாற்றைத் தனிமனிதரின் குற்றப் பத்திரிகையாக வாசிப்பது நீதியாகாது.

மாறுகின்றவர் எப்போதும் ஆதாயம் பெறுகிறார் என்ற எண்ணமும் சரியன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி தொழிலாளியோடு கூடவே செல்வது. இன்றைய விதிப்படி முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துகின்றனர். எத்தனை இடம் மாறினாலும் அப்பணம் அழிவதில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் வேறு வகையானது. பதினைந்து பேருக்குக் குறையாத தாபனத்திலே, ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்கே பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, வேலையை விட்டு நீங்கும்போதுள்ள சம்பளத்தில் அரைமாதம், ஒவ்வோர் ஆண்டுக்கும் கிடைக்கும். ஓரிடத்திலே இருபது ஆண்டு இருந்தவர் பத்து மாதச் சம்பளத்தைக் கையிற் பெற்றுச் செல்வார். நான்கு நான்கு ஆண்டாக ஐந்து இடங்களில் அதே இருபது ஆண்டு உழைத்தவருக்குச் சட்டப்படி ஒரு சதமும் இல்லை. இந்த நட்டம் தேநீர் வேளைப் பேச்சிலே இடம்பெறுவதில்லை.

உடன் தொழில் செய்வோரின் மனக்குறையையும் மதித்தல் வேண்டும். ஒருவர் விலகும்போது அவர் விட்ட வேலை மற்றவர் தலையில் விழுகிறது. அரைகுறையாக நின்ற கோவைகளை யாரோ ஒருவர் மாலை ஆறு மணிவரை இருந்து முடிக்கிறார். மூன்று மாதம் முயன்று ஒருவருக்கு வேலை பழக்கியவர், அவர் நான்காம் மாதம் போய்விட்டால், அடுத்து வருபவருக்கு அதே ஆர்வத்தோடு பழக்கமாட்டார். இதிலே பொறாமை ஒன்றும் இல்லை, களைப்பே உண்டு. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் தமக்குத்தாமே ஒத்துக்கொள்வதில்லை. பல இடம் சென்று வந்தவர் அருகிலே அமரும்போது, ஓரிடத்திலேயே இருந்தவர் மனத்திலே, ‘நான் ஏன் போகவில்லை? விருப்பத்தால் இருந்தேனா, அச்சத்தால் இருந்தேனா?’ என்ற கேள்வி எழுகிறது. அக் கேள்விக்கு விடை காண்பதைவிடப் புதியவரைக் குறைகூறுவது எளிது.

இவ்வெண்ணத்தின் விளைவுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. ‘எப்படியும் போகப்போகிறவர்’ என்று முடிவு செய்தபின் புதியவருக்கு எவரும் வேலையை முழுமையாகக் காட்டுவதில்லை. பேரேட்டிலே பதிவு செய்யச் சொல்வார்கள். அப்பதிவு ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்று சொல்லமாட்டார்கள். வாடிக்கைக்காரர்களின் இயல்பு, வங்கியிலே யாரைக் கண்டு பேசவேண்டும் என்பன அவருக்கு எட்டா. நீண்ட நாள் நடக்கவேண்டிய பொறுப்பு எதுவும் அவரிடம் ஒப்படைக்கப்படாது. உணவு வேளையிலே அவருக்கு இடம் உண்டு. உரையாடலிலே இடம் இல்லை. எட்டாம் மாதம் வேறொரு தாபனத்திலே இடமிருப்பதாகக் கேள்விப்படுகிறார். போய்விடுகிறார். ‘அன்றே சொன்னேன் அல்லவா?’ என்கிறார் முதலாமவர். அவர் சொன்னது பலித்தது. ஆனால் பலிக்கச் செய்ததிலே அவருக்கும் பங்குண்டு என்பதை அவர் அறியார். புதியவரின் விண்ணப்பப் பத்திரத்திலே ஆறாவது வரி ஏறுகிறது. அடுத்த கந்தோரின் மதிய உணவு வேளையிலே பேசுவதற்கு அது போதும்.

ஆகவே இரு சாராருக்கும் கடமை உண்டு. இடம் மாறுகிறவர் விட்டுச் செல்லும் மேசையைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். கோவைகளை ஒழுங்காக்கி, முடியாதவற்றைப் பட்டியலிட்டு, அடுத்தவர் வந்து நின்றால் விளங்கிக்கொள்ளும் வகையில் வேலையை ஒப்படைத்துச் சென்றவரைப் பழைய தோழர்கள் பழிப்பதில்லை. ஐந்து இடத்திலும் அவ்வாறு சென்றவருக்கு ஐந்து ஊர்களில் நல்ல சாட்சி இருக்கும். வந்த இடத்தின் முறையை முதல் நாளிலேயே இகழ்ந்து, ‘நான் முன்பிருந்த இடத்தில் இப்படியில்லை’ என்று ஓயாமற் கூறுவதும் தவிர்க்கவேண்டியது. ஓரிடத்திலே நிலைத்தவர், வருகின்றவரை அவர் செய்யும் வேலையைக் கொண்டு எடைபோடவேண்டும். அதற்குச் சில மாதம் பொறுத்திருப்பது பெரிய தியாகமன்று. ஆட்களைத் தெரிந்தெடுக்கும் நிர்வாகிகளும் எண்ணிக்கையைப் பார்த்துப் பத்திரத்தை ஒதுக்குமுன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும். ஒரே பகுதியிலிருந்து பலர் அடுத்தடுத்து விலகினால், விலகியவர்களின் குணத்தை ஆராய்வதைவிட அப்பகுதியை ஆராய்வது பயன் தரும்.

புதியவரின் கதைக்கு வேறொரு முடிவும் உண்டு. மார்ச்சு மாத இறுதியிலே இருப்புக் கணக்கெடுக்கும் நாள் வருகிறது. இரும்புக் கம்பிக் கணக்கிலே, ஆண்டுதோறும் வருவது போலவே, ஒரு வித்தியாசம் நிற்கிறது. களஞ்சியத்திலே களவு போயிற்றோ என்ற ஐயம் களஞ்சியப் பொறுப்பாளர் மீது விழுகிறது. அவர் முகம் வாடி நிற்கிறார். அப்பொழுது, இளைப்பாற இரண்டு ஆண்டே உள்ள தலைமை எழுதுவினைஞர் புதியவரின் மேசைக்கு வந்து, ‘தம்பி, நீர் வவுனியாவிலே இரும்புக் கடையில் இருந்தவர் அல்லவா? ஒப்பந்தகாரரிடமும் இருந்திருக்கிறீர். அங்கெல்லாம் இந்தக் கணக்கை எப்படிப் பார்த்தார்கள்?’ என்று கேட்கிறார்.

புதியவர் பேரேட்டைப் புரட்டுகிறார். கம்பி வாங்கும்போது நிறையாற் பதிவாகிறது. விற்கும்போது எண்ணிக்கையாற் பதிவாகிறது. ஒரு கம்பிக்கு இன்ன நிறை என்று பட்டியலிலே கண்ட அளவைக் கொண்டு இரண்டையும் பொருத்தியிருக்கிறார்கள். ‘ஐயா, எல்லாக் கம்பியும் பட்டியலிற் சொன்ன நிறை இருப்பதில்லை. சிறிது கூடும், சிறிது குறையும். கடையிலே ஒவ்வொரு தொகுதி வந்து இறங்கியதும் நாங்கள் சில கம்பிகளை நிறுத்துப் பார்ப்போம்’ என்கிறார். தராசு கொண்டுவரப்படுகிறது. பத்துக் கம்பிகள் நிறுக்கப்படுகின்றன. வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது. களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு நெடுமூச்சு விட்டுத் தம் இருக்கையில் அமர்கிறார்.

முதல் இடத்திலே கற்றதும் ஐந்தாம் இடத்திலே கண்டதும் சேர்ந்தே ஆறாம் இடத்திலே ஒரு மனிதரின் மானத்தைக் காத்தன. புதியவர் இத் தாபனத்திலே இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று எவராலும் கூறமுடியாது. நாடு இருக்கும் நிலையிலே அதை அவரும் அறியார். ஆனால் அடுத்த நாள் மதிய உணவு வேளையிலே தலைமை எழுதுவினைஞர் தம் பக்கத்திலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று கணக்குப் பகுதியிலே பேச்சு, பாசிக்குடாக் கடலைப் பற்றியும், நிவாரண முகாம்களிலே அரிசி பங்கிட்ட முறையைப் பற்றியும், வவுனியாக் கடைத்தெருவைப் பற்றியும் நடந்தது.